பெயரா, பயனா?

கடைத்தெருவிலே ஒரு பொருளை வாங்கப் புகும்போது நம் கண் முதலிலே தேடுவது அப்பொருளையன்று. அதன்மேற் பொறித்திருக்கும் பெயரையே. மிதிவண்டியானாலும், தையற்பொறியானாலும், பிள்ளைகள் விளையாடும் பந்தடி மட்டையானாலும், "இது எந்தக் கம்பெனி?" என்ற கேள்விக்குப் பின்னரே, "இது எப்படி வேலை செய்யும்?" என்ற கேள்வி பிறக்கின்றது. அவ்விரண்டாங் கேள்வி பிறவாமலே போய்விடுவதும் உண்டு. இவ்வழக்கத்தினால் நமக்கு விளையும் நன்மை யாது, தீமை யாது என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம். ஆராய்ச்சிக்கு ஓர் உரைகல் வேண்டுமன்றோ? கோல்ப் விளையாட்டிலே வழங்கும் மட்டைகளை உரைகல்லாகக் கொள்வோம்.

கோல்ப் நம்மிற் பெரும்பாலோர் ஆடும் விளையாட்டன்று. கொழும்பிலே புகைவண்டிப் பாதை ஊடறுத்துச் செல்லும் அந்தப் புற்றரையையும், நுவரெலியா நகரின் நடுவே பரந்து கிடக்கும் பச்சை வெளியையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களே நம்மில் அதிகம். கொழும்புக் கழகம் தோன்றிய ஆண்டு 1879 என்றால், இவ்விளையாட்டு நம் நாட்டுக்கு வந்து எத்துணைக் காலமாயிற்று என்பது விளங்கும். இருந்தும், நாம் இதனைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. கிரிக்கெட்டிலே எறிபவன் வேறு, அடிப்பவன் வேறு. ஒருவன் தோற்றால் பழியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கோல்பிலோ பந்து அசையாமல் நிலத்திலே கிடக்கின்றது. எதிரி அதைத் தொடுவதில்லை. மனிதனும் மட்டையுமே களத்தில் உள்ளனர். பந்து எவ்வளவு தூரம் சென்றது, எங்கே விழுந்தது என்பவற்றை எவரும் அளந்து பார்க்கலாம். ஆகவே பெயரின் பெருமை எவ்வளவு, பொருளின் ஆற்றல் எவ்வளவு என்று பிரித்தறிவதற்கு இதனிலும் ஏற்ற களம் கிடைப்பதரிது.

ஓர் ஆட்டக்காரர் தம் பையிலே 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அமெரிக்காவிலே இவ்வரம்பு 1938ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தூரத்துக்கு அடிப்பதற்கு 'டிரைவர்', நடுத்தூரத்துக்கு 'அயன்' எனப்படும் இரும்பு மட்டைகள், குழிக்கு அருகே பந்தை மெல்லத் தள்ளுவதற்கு உருட்டு மட்டை என அவை பல திறத்தன. இன்று பெயர்பெற்ற கம்பெனியின் புதிய டிரைவர் ஒன்று மாத்திரமே 500 டொலருக்கு மேல் விலைபோகின்றது. இத்தனை பணத்தைக் கொட்டி வாங்குவோர் எதனை வாங்குகின்றனர்? மட்டையையா, பெயரையா?

மரத்தின் புகழும் உலோகத்தின் வரவும்

நெடுங்காலமாக டிரைவரின் தலையை மரத்தினாலேயே கடைந்தனர். அதற்குப் புகழ்பெற்ற மரம் 'பேர்சிமன்' என்பது. அது நம் நாட்டுக் கருங்காலிக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே தாவரச் சாதியைச் சேர்ந்தவை. வைரம் பாய்ந்த அம்மரத்தலைகளுக்கு இருந்த மதிப்பு சொல்லுந்தரமன்று. 1979ஆம் ஆண்டிலே கரி அடம்ஸ் என்னும் அமெரிக்கர் 'டெயிலர்மேட்' என்ற கம்பெனியைத் தொடங்கி, உள்ளே வெற்றிடமான உருக்குத் தலையோடு கூடிய டிரைவரை விற்கலானார். புகழ் முழுவதும் மரத்தின் பக்கத்திலே இருந்தது. புதியவரான அடம்ஸிடம் இருந்ததோ ஓர் எளிய பௌதிக உண்மை மாத்திரமே. உள்ளே வெற்றிடம் இருந்தால் பாரத்தைத் தலையின் ஓரங்களுக்குப் பரப்பலாம், அவ்வாறு பரப்பினால், பந்து முகத்தின் நடுவிலே படாத வேளையிலும் தலை அதிகம் திரும்பாது, அடி வீணாகாது.

1981ஆம் ஆண்டிலே ரொன் ஸ்ட்ரெக் என்பார் உலோக டிரைவரோடு ஹூஸ்டன் ஓபன் போட்டியை வென்றார். ஆயினும் மரத்தின் புகழ் ஒரே நாளில் மாண்டுவிடவில்லை. 1993ஆம் ஆண்டிலே ஜேர்மனியரான பேர்ன்ஹார்ட் லாங்கர் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபோது அவர் கையிலிருந்தது மரத்தலை டிரைவரே. பயன் பெயரை வெல்லும். ஆனால் மெதுவாகவே வெல்லும் என்பதற்கு இவ்வரலாறு சான்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மரம் மறைந்து உலோகம் வந்த பின்னரும் இவ்வகை மட்டைகளை ஆங்கிலத்திலே இன்றும் 'மரம்' என்றே அழைக்கின்றனர். பொருள் போனாலும் பெயர் போக மறுக்கின்றது!

அழகற்ற மட்டையின் கதை

கார்ஸ்டன் சொல்ஹைம் என்பவரின் கதை இதனிலும் சுவையானது. 1911ஆம் ஆண்டு நோர்வேயிலே பிறந்து, குழந்தைப் பருவத்திலே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இவர் முதலிலே சப்பாத்துத் தைத்தார். பின்னர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலே பொறியியல் துறையிற் பணியாற்றினார். நாற்பது வயதைக் கடந்த பிறகே கோல்ப் ஆடத் தொடங்கினார். பந்தை உருட்டுவதிலே அவருக்குச் சிரமம் இருந்தது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் பழமொழி. சொல்ஹைமோ கூடத்தை அளந்தே பார்த்துவிட்டார். அது உண்மையிலேயே கோணலாக இருக்கக் கண்டார்!

அவர் கண்டது இதுதான். அக்காலத்து உருட்டு மட்டைகளிலே பாரம் தலையின் நடுவிலே திரண்டிருந்தது. பந்து நடுவை விட்டுச் சிறிது விலகிப் பட்டாலும் தலை முறுகித் திரும்பியது. பந்தும் வழி தவறியது. காவுதடியின் இரு முனைகளிலும் சுமை தொங்கும்போது அதனைச் சட்டென்று திருப்புதல் அரிது என்பதை நம்மவர் அறிவர். அதே தத்துவத்தைக் கைக்கொண்டு, பாரத்தைத் தலையின் இரு முனைகளுக்கும் பிரித்து வைத்து, 1959ஆம் ஆண்டிலே தம் வீட்டு வண்டிக் கொட்டகையில் ஒரு மட்டையைச் செய்தார். பந்திற் பட்டபோது அது 'பிங்' என்று ஒலித்தது. அதுவே அதற்குப் பெயருமாயிற்று.

பார்வைக்கு அம்மட்டை அழகற்றது. தொழில்முறை ஆட்டக்காரர் பலர் அதனைக் கண்டு நகைத்தனர். சொல்ஹைமுக்குப் பரம்பரைப் புகழும் இல்லை, பெருவிளம்பரமும் இல்லை. 1966ஆம் ஆண்டிலே அவர் அமைத்த 'அன்சர்' என்னும் மற்றொரு மட்டையோ கோல்ப் உலகின் போக்கையே மாற்றிவிட்டது. விடை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தைக் குறைத்து இப்பெயரை வைத்தவர் அவருடைய மனைவி லூயிஸ் அம்மையார். அடுத்த ஆண்டிலேயே ஜூலியஸ் போரஸ் அதனைக் கொண்டு பீனிக்ஸ் ஓபன் போட்டியை வென்றார். இன்று பல கம்பெனிகள் விற்கும் உருட்டு மட்டைகள் அந்த வடிவத்தின் வழித்தோன்றல்களே. டைகர் வூட்ஸ் நெடுங்காலம் கையாண்ட புகழ்பெற்ற மட்டை வேறொரு கம்பெனியின் பெயரைத் தாங்கியது. ஆயினும் அதன் வடிவம் சொல்ஹைம் தந்ததே.

இக்கதையிலே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. இன்று 'பிங்' என்பதே ஒரு பெரும்பெயர். அப்பெயர் வானத்திலிருந்து விழுந்ததன்று, பயனிலிருந்து முளைத்தது. ஆதலின் பெயரைக் கண்டு வாங்குவோரை நாம் முற்றாக இகழ்ந்துவிடலாகாது. நல்ல பெயர் என்பது முன்னே வாங்கியவர்களின் அனுபவம் திரண்ட சேமிப்பு. ஆயினும் அது நேற்றைய சேமிப்பு. மற்றவர்களின் கைகள் சேர்த்த சேமிப்பு. இன்றைய பொருளுக்கும் நம்முடைய கைக்கும் அது பொருந்துமா என்பதைப் பெயர் ஒருபோதும் சொல்லாது.

எண்ணிலே ஒரு மாயம்

மட்டையின் மேல் இருப்பது கம்பெனியின் பெயர் மாத்திரமன்று; ஓர் எண்ணும் உண்டு. இரும்பு மட்டைகளுக்கு எண் இட்டு வழங்குவது வழக்கம். எண் ஏற ஏற முகத்தின் சாய்வு கூடும். பந்து உயர எழும்பி அண்மையில் விழும். இங்கேதான் மாயம் நிகழ்கின்றது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஏழாம் எண் மட்டையின் சாய்வு ஏறக்குறைய 35 பாகைக்கும் மேலாக இருந்தது. இன்று பொது ஆட்டக்காரர்களுக்கென விற்கப்படும் மட்டைகள் பலவற்றில் அதே எண்ணுக்குரிய சாய்வு 30 பாகைக்கும் குறைவு. சாய்வைக் குறைத்தால் பந்து தூரம் செல்வதில் வியப்பென்ன? பழைய ஆறாம் எண்ணையோ ஐந்தாம் எண்ணையோ ஒத்த மட்டையிலே ஏழு என்று பொறித்துவிட்டு, "எமது ஏழாம் எண் மட்டை நெடுந்தூரம் அடிக்கும்" என்றால் அது பொய்யன்று. ஆனால் முழு மெய்யுமன்று. இக்கால மட்டைகளின் பாரம் கீழே தாழ்ந்திருப்பதனால், சாய்வு குறைந்தும் பந்து உயர எழும்புகின்றது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும். எண்ணைப் பார்த்து வாங்குவோன் படிக்குள்ளே எவ்வளவு கொள்ளும் என்று பாராமல், படியின் மேல் எழுதியதை நம்பி நெல் வாங்கியவனுக்கு ஒப்பாவான்.

மற்றுமொரு செய்தி. அமெரிக்கக் கோல்ப் சங்கமும், ஸ்கொத்லாந்திலே சென் அன்ட்ரூஸ் நகரிலிருந்து விதி வகுக்கும் 'ஆர் அன்ட் ஏ' அமைப்பும் மட்டைகளின் ஆற்றலுக்கு எல்லை கட்டியுள்ளன. டிரைவர் தலையின் பருமன் 460 கன சென்ரிமீற்றரைத் தாண்டலாகாது. மட்டையும் பந்தும் எவ்வளவு வேகத்தோடு நெருங்கினவோ, அதில் ஏறக்குறைய 83 வீதத்துக்கு மேற்பட்ட வேகத்தோடு அவை பிரியலாகாது. மட்டை முகம் வில்லைப் போலத் துள்ளிப் பந்தை எறிவதற்கு இட்ட கட்டுப்பாடு அது. பெருங்கம்பெனிகள் யாவும் இவ்வெல்லையின் விளிம்பிலேயே நிற்கின்றன. எனவே, முகத்தின் நடுவிலே செம்மையாகப் பட்ட அடியைப் பொறுத்தவரை ஒரு கம்பெனி மற்றொன்றை வெகுதூரம் மிஞ்சிவிட இடமில்லை. வேறுபாடு மற்றவற்றிலே உள்ளது: தண்டின் விறைப்பு, மட்டையின் நீளம், பாரம் பரந்துள்ள முறை, நிலத்தோடு மட்டை பொருந்தும் கோணம். இவை யாவும் ஆடுபவரின் உயரத்துக்கும், கையின் வேகத்துக்கும் ஏற்ப மாறுவன. பெயரோ எல்லோருக்கும் ஒன்றே.

வித்தகர் செய்வது யாது?

விளம்பரங்களிலே பெரிய ஆட்டக்காரர்கள் மட்டையோடு நின்று புன்னகை செய்வதைக் காண்கின்றோம். அப்புன்னகைக்கு அவர்கள் ஊதியம் பெறுகின்றனர். ஊதியம் இல்லாதபோது அவர்கள் எதனைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. 2016ஆம் ஆண்டிலே நைக்கி கம்பெனி கோல்ப் மட்டைகள் செய்வதை நிறுத்திவிட்டது. அக்கம்பெனியோடு ஒப்பந்தம் செய்திருந்த புரூக்ஸ் கெப்கா என்னும் அமெரிக்கர், மட்டைக்கென வேறெவரோடும் ஒப்பந்தம் செய்யாமல், பல கம்பெனிகளின் மட்டைகளைக் கலந்து தம் பையில் வைத்துக்கொண்டார். 2017, 2018ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஓபன் பட்டத்தையும், 2018, 2019ஆம் ஆண்டுகளில் பி.ஜி.ஏ. பட்டத்தையும் அவர் வென்றார். ஒரு கம்பெனியின் டிரைவர், மற்றொரு கம்பெனியின் இரும்பு மட்டைகள். அவற்றுக்கிடையே, மட்டைத் தொழிலையே கைவிட்டுவிட்ட நைக்கியின் பழைய மூன்றாம் எண் மட்டை ஒன்று! கையிலே பொருந்தியது, பயன் தந்தது, ஆகவே வைத்திருந்தார்.

இதற்கு மறுபுறமும் உண்டு. டைகர் வூட்ஸ் 2000, 2001ஆம் ஆண்டுகளில் நான்கு பெரும் பட்டங்களை அடுத்தடுத்து வென்றபோது கையாண்டவை எனப்பட்ட இரும்பு மட்டைகள் 2022ஆம் ஆண்டிலே 50 இலட்சம் டொலருக்கும் மேலான விலைக்கு ஏலம் போயின. வாங்கியவர் அவற்றால் பந்தை நன்றாக அடிக்கலாம் என்று எண்ணியா வாங்கினார்? அங்கே விலை பெற்றது வரலாறு. வரலாற்றை வரலாறு என்று அறிந்தே வாங்குவதிற் குற்றமில்லை. வரலாற்றை வாங்கிவிட்டு ஆற்றலை வாங்கியதாக எண்ணுவதே ஏமாற்றம்.

பெயரின் மந்திரம்

இனி, நம் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் மறையாது கூறுவோம். 2011ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்விலே, 41 பேரிடம் ஒரே உருட்டு மட்டையைக் கொடுத்துப் பந்தைக் குழிக்குள் விழுத்தச் சொன்னார்கள். ஒரு சாராரிடம் மாத்திரம், "இது பென் கேர்டிஸ் ஆடிய மட்டை" என்று கூறினார்கள். 2003ஆம் ஆண்டு பிரித்தானிய ஓபன் பட்டத்தை வென்றவர் அவர். அப்பெயரைக் கேட்டவர்களுக்குக் குழியே பெரிதாகத் தோன்றியது. அவர்கள் அதிக பந்துகளை விழுத்தவும் செய்தார்கள். 2016ஆம் ஆண்டிலே வெளியான வேறோர் ஆய்விலே, கையிலுள்ள மட்டை நைக்கி என்று கேட்டறிந்தவர்கள் குறைந்த அடிகளிலே குழியை எட்டினார்கள்.

அப்படியாயின் பெயரும் ஒரு பயன்தானே என்று வாசகர் வினவலாம். ஆம், மனத்துக்கு அது ஒரு தைரியம். ஆனால் அவ்வாய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. பெயரினால் அதிக நன்மை பெற்றவர்கள் பழக்கமற்றவர்களே. கைதேர்ந்தவர்களுக்கு அந்நன்மை கிட்டவில்லை. தன் கையிலே நம்பிக்கை இல்லாதவன் பெயரிடம் கடன் வாங்குகின்றான். பயிற்சியால் நம்பிக்கை பெற்றவனுக்கு அக்கடன் தேவையில்லை. முதல் ஆய்வில் ஒரே மட்டைதான் இரு சாராரிடமும் இருந்தது என்பதையும் மறவாதிருப்போம். வேறுபட்டது மனம், மட்டையன்று. மனத்தைத் திருத்துவதற்குக் கடைக்காரரிடம் 500 டொலர் கொடுக்கவேண்டுமா என்பதைச் சிந்திக்கவேண்டும்.

வீட்டுக்கு ஒரு பாடம்

இவை யாவும் கோல்ப் ஆடாத நமக்கு எதற்கு என்று சிலர் கருதக்கூடும். பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கே இது முக்கியமானது. மகன் விளையாட விரும்புகின்றான் என்று அறிந்த தந்தையார், செலவைப் பாராமல் பெயர்பெற்ற மட்டையொன்றை வாங்கி வருகின்றார். அது வளர்ந்தவருக்கென அமைந்தது. பிள்ளைக்கு நீளம் மிகுதி, பாரமும் மிகுதி. பிள்ளை வீசுகின்றான், பந்து எழும்பவில்லை. மீண்டும் வீசுகின்றான், மீண்டும் பிழைக்கின்றது. மட்டையோ ஊரறிந்த மட்டை. அதிலே குறை இருக்கமுடியாது என்று வீட்டார் அனைவரும் நம்புகின்றனர். அப்படியாயின் குறை எங்கே? பிள்ளை அதனைத் தன்னிடமே காண்கின்றான். பெரியவர்கள் தம் பிழைக்குக் கூடத்தைக் கோணல் என்பர்; பிள்ளைகளோ கூடத்தின் கோணலைத் தம் பிழை என்று ஏற்றுக்கொள்வர். சில வாரங்களில் மட்டை மூலையைச் சேர்கின்றது. "எனக்கு விளையாட்டு வராது" என்ற எண்ணமோ அவனோடு நெடுங்காலம் தங்கிவிடுகின்றது. வீணான பணத்தை மறுபடி தேடிக்கொள்ளலாம். இந்நட்டத்தை ஈடுசெய்வது எளிதன்று.

கிரிக்கெட் மட்டைக்கும், டெனிஸ் மட்டைக்கும், இசை பயிலும் பிள்ளையின் வயலினுக்கும் இது பொருந்தும். ஆகவே வாங்குமுன் செய்யத்தக்கவை சிலவற்றைக் குறிப்பிடுவோம். முதலாவது, பொருளைப் பயன்படுத்தப் போகின்றவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் கையிலே கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது, கூடுமானால் பெயரைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, இரண்டு மூன்றை மாற்றி மாற்றிச் சோதியுங்கள். சோதிப்பவர் ஆடட்டும், மற்றொருவர் முடிவுகளைக் குறித்துக்கொள்ளட்டும். மூன்றாவது, பத்து அடிகளிலே மிகச் சிறந்த ஓர் அடியைக் கொண்டு தீர்மானியாதீர்கள். மிக மோசமான அடிகள் எவ்வளவு மோசம் என்பதைக் கவனியுங்கள். நல்ல கருவியின் இலக்கணம் நம் பிழையைப் பொறுத்துக்கொள்வது. நான்காவது, முன்பே பிறர் ஆடிய பொருளை இகழாதீர்கள். அதன் பெயருக்குரிய விலை குறைந்திருக்கும். ஆற்றல் அவ்வளவு குறைந்திராது. ஐந்தாவது, போலிகளை நினைவிற் கொள்ளுங்கள். பெயர்பெற்ற கம்பெனிகளின் முத்திரையைப் பொய்யாகப் பொறித்து விற்கும் மட்டைகள் உலகச் சந்தையிலே உண்டு. பெயரைக் களவாகப் பொறிக்கலாம். பந்து செல்லும் தூரத்தைக் களவாகப் பொறிக்க எவராலும் இயலாது.

மாணவர்களுக்கும் ஒரு சொல். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று முன்னோர் கூறினர். 1930ஆம் ஆண்டிலே பொபி ஜோன்ஸ் என்னும் அமெரிக்கர் அக்காலத்து நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். அவர் தொழில்முறை ஆட்டக்காரரல்லர். அவர் கையிலிருந்தவை உருக்குத் தண்டு மட்டைகளும் அல்ல, மரத்தண்டு மட்டைகளே. நண்பனிடம் உள்ளதைப் போன்ற விலையுயர்ந்த பொருள் தம்மிடம் இல்லையே என்று ஏங்கும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். புல்லே போதும் என்று நாம் கூறவில்லை. தக்க கருவி வேண்டும். தக்கது எது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாத்திரம் விளம்பரத்திடம் ஒப்படைத்துவிடலாகாது.

கருவிகளுக்கு மாத்திரமன்று, கல்விக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பெயர்பெற்ற பாடசாலை, பெயர்பெற்ற வகுப்பு, பெயர்பெற்ற ஆசிரியர் என்று பெற்றோர் அலைவதைக் காண்கின்றோம். அங்கும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அந்தப் பெயர் யாருடைய கையிலே பயன் தந்தது? நம் பிள்ளையின் கைக்கு அது பொருந்துகின்றதா? இக்கேள்விக்கு விடையைப் பெயர்ப்பலகையிலே தேடாமல், நாள்தோறும் மாலையில் வீடு திரும்பும் பிள்ளையின் முகத்திலும், அவனுடைய கொப்பிகளிலும் தேடிப் பார்ப்போமாக.